சும்மா இருந்தவளின் தோள்பட்டை

பஸ்ஸிலிருந்து விழுந்த கதையை முதலில் சொல்லித் தீர்த்துவிடுகிறேன். அதில் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் உளுந்து விலை இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய், எட்டுப் படி வாங்கி, துணிப்பையில் கட்டிக்கொண்டு தனியார் பஸ்ஸில் ராஜபாளையம் திரும்பினேன். பஞ்சு மார்க்கெட்டில் நான் இறங்கும்போது பின்னால் இன்னொரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்துவிட்டது. அடுத்த நிறுத்தத்து ஆட்களை அவன் அள்ளிக்கொண்டு போய்விடுவானே என்று எங்கள் கண்டக்டருக்குப் பதற்றம். என் ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். விசிலை ஊதிவிட்டான். பஸ் துள்ளிக் கிளம்ப, வலது தோள் அடிபட ரோட்டில் விழுந்தேன்.

பையை விட்டிருந்தால் கையை ஊன்றித் தப்பித்திருக்கலாம் என்று பிறகு டாக்டர் சொன்னார். எட்டுப் படி உளுந்தை நடுரோட்டில் விட யாருக்கு மனசு வரும்? எனக்கு வரவில்லை. எலும்பு முறிந்து, தோள்மூட்டும் விலகிப்போனது. உளுந்தில் ஒரு மணிகூடச் சிந்தவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் என்னைக் கிடத்தியிருந்தார்கள். ஏட்டையா ஒருவர் தாளும் பேனாவுமாக வந்தார். கட்டிலைச் சுற்றி என் வீட்டுக்காரரும், அவரோடு நூல் மில்லில் வேலை பார்க்கும் நாலைந்து பேரும் நின்றார்கள். பெயர், வயது, தெரு எல்லாம் கேட்டு எழுதிக்கொண்ட ஏட்டையா, “அம்மா என்ன வேலை பாக்காக?” என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“வேலை என்ன வேலை? வீட்ல சும்மாதான் இருக்கா” என்றார்.

ஏட்டையா எழுதிக்கொண்டார். வலியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காது மட்டும் நன்றாகக் கேட்டது. அடப்பாவி மனுசா என்று மனதுக்குள் வைதேன். வாயைத் திறந்து மறுத்துச் சொல்வதற்குள் ஊசி போட்டுவிட்டார்கள்.

சும்மா இருந்தவளின் ஒரு நாள் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். காலையில் எழுந்ததும் ஆறு படி அரிசியும் ஒன்றரைப் படி உளுந்தும் களைந்து ஊறப்போடுவேன். சோறு பொங்கி, பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடம் அனுப்பி, துணி துவைத்து முடித்தால் மத்தியானம். அதன் பிறகு ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம்வரை எழுந்திருக்க முடியாது. வலது கை குழவியைச் சுற்றும், இடது கை மாவைத் தள்ளிவிடும். பொழுது விடிந்ததும் பொங்கி நிற்கிற மாவை மூன்று டீக்கடைகளுக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவேன். வெள்ளி, செவ்வாய் என்று லீவு கிடையாது. கடைக்காரனுக்கு இட்லி வேண்டும், அம்புட்டுதான்.

மில்லை எட்டு மாதம் இழுத்து மூடியபோது ஆரம்பித்த வேலை அது. மற்ற வீடுகளில் அண்டா குண்டாவெல்லாம் அடகுக்குப் போயின. எங்கள் வீட்டில் நாலு வயிறும் நிறைந்தது. மில் திறந்த பிறகும் பாதி நாள்தான் வேலை என்றார்கள், ஆகையால் நான் கல்லை விடவில்லை. எங்கள் தெருவுக்கே ஆட்டுக்கல் சத்தம் கேட்கும். மில்லுக்காரர்களுக்கு மட்டும் தெரியக்கூடாது. அதில் என் வீட்டுக்காரர் குறியாக இருந்தார்.

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு இது ஒரு சீக்கு. பெண்டாட்டி சம்பாதிப்பாள், அதில் சாப்பிடுவார்கள், ஆனால் வெளியாள் கேட்டால் அவள் வீட்டில் சும்மா இருப்பாள். பொம்பளை சம்பாத்தியத்தில் குந்தித் தின்கிறான் என்று எவனாவது சொல்லிவிட்டால் மீசை உதிர்ந்துவிடும். என் வீட்டுக்காரர் இதற்கு ஒரு கதையே கட்டி வைத்திருந்தார். வத்திராயிருப்பில் வயல் வைத்திருக்கிற அவருடைய அண்ணன் மாதாமாதம் அரிசி மூட்டை அனுப்புகிறாராம். அந்த அண்ணன் எங்கள் வீட்டுக்கு ஒரு மாங்காய்கூடக் கொண்டுவந்ததில்லை.

மூன்று டீக்கடைகளில் ஒன்று மில் வாசலில் இருந்தது. பாய் ஒருவர் நடத்தினார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்; மாவு யாருடையது என்று வெளியே மூச்சு விட்டதில்லை. என் வீட்டுக்காரர் தன் கூட்டாளிகளோடு அங்கேதான் இட்லி சாப்பிடுவார். “பாய் வீட்டம்மாவுக்கு நல்ல கைப்பக்குவம்லே” என்று அவர்கள் பேசிக்கொண்டதை வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லிச் சிரிப்பார். அப்போது நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பஸ் முதலாளியின் மேனேஜர் வந்தார். ஆப்பிள், ரொட்டி, பிஸ்கட், ஒரு கவர். கவரோடு எழுதித் தயாராக வைத்திருந்த ஒரு தாள்.

“நமக்குள்ள எதுக்கும்மா கோர்ட்டு கேஸு? சமாதானமாப் போயிருவோம். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க” என்றார்.

என் வீட்டுக்காரர் பேனாவை எடுத்து மூடியையும் கழற்றிவிட்டார்.

“எங் கை கழுத்துல தொங்குது. எதை வச்சுக் கையெழுத்துப் போட?” என்றேன்.

“கைநாட்டு வச்சாலும் போதும்மா.”

“ஒங்க கண்டக்டரு விசிலு ஊதுனாரே, அவருட்ட வாங்கிக்கிடுங்க கைநாட்டு. ஆப்பிள எடுத்துட்டுப் போங்க. எங்க வீட்ல யாரும் சீக்காளி கெடையாது” என்றேன்.

மேனேஜர் போன பிறகு வீட்டில் பெரிய சண்டை. “ஏட்டி, வந்த லெச்சுமிய வாசலோட அனுப்பிட்டியே” என்று குதித்தார் அவர். எனக்குத் தோளில் போட்டிருந்த கட்டைப் பார்த்து அழுகை அழுகையாக வந்தது. குழவியைச் சுற்றாத இந்தக் கையை வைத்துக்கொண்டு மிச்ச வாழ்நாளை எப்படி ஓட்டுவது? அந்தக் கவருக்குள் இருந்தது நாலு மாத மாவுக்காசுகூட இல்லை.

கட்டுப் பிரித்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். விபத்துக் கேஸ்கள் அங்கே இருக்கிற கோர்ட்டில்தான் நடக்கும். கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். எனக்கு அப்பா வயது. போலீஸ் காகிதத்தின் நகலைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா, ஒங்களுக்கு வேலையில்லன்னு போட்டுருக்கே. வருமானமே இல்லாதவங்களுக்கு வருமான இழப்புன்னு எப்படிக் கேக்க? வலிக்கு, வைத்தியத்துக்குன்னு கொஞ்சம் கெடைக்கும்.”

“எனக்கு வேலை இருந்துச்சுய்யா. மாவு ஆட்டி மூணு கடைக்கு ஊத்துனேன். அதைத்தான் எழுதணும்.”

“ரசீது இருக்கா?”

“மாவுக்கு எவன்யா ரசீது குடுக்கான்?”

அவர் சிரித்தார். பிறகு விளக்கமாகச் சொன்னார். டீக்கடைக்காரர்கள் வந்து சாட்சி சொல்லலாம். பாய் வருவதாகவே சொல்லியிருந்தார். ஆனால் கட்டின புருஷனே வேலை இல்லை என்று சொல்லியிருக்கும்போது கடைக்காரன் ஆமாம் என்றால் கோர்ட் யாரை நம்பும்? “ஒங்க வீட்டுக்காரர் கூண்டுல ஏறி, நான் சொன்னது தப்புன்னு சொல்லணும்மா. இல்லாட்டி நீங்க சும்மா இருந்தவங்கதான்” என்றார்.

அதுதான் கேஸ். கண்டக்டர் விசில் ஊதியதை ஊரே பார்த்தது. அதில் தகராறு இல்லை. நான் வேலை செய்தவளா சும்மா இருந்தவளா என்பதை என் புருஷன் வாயால் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

“கோர்ட்ல போயி, பெண்டாட்டி சம்பாத்தியத்துல சாப்பிட்டேன்னு சொல்லச் சொல்லுதியா? எம் மானம் என்னாகுறது?”

“சாப்பிட்டப்ப மானம் எங்க போயிருந்துச்சு?”

“அது வேற.”

“மில் வாசல்ல மைக்கப் பிடிச்சு, ஒழைப்புக்கு வெலை வேணும்னு கத்துறீகளே. ஆம்பள ஒழைப்புக்கு மட்டும்தானா? அதையும் மைக்குலயே சொல்லிருங்க, நாங்களும் கேட்டுக்கிடுதோம்” என்றேன்.

மில் தொழிலாளர் சங்கத்தில் அவர் கமிட்டி ஆள். யாருக்காவது மெஷினில் விரல் போனால் நஷ்டஈடு வாங்கிக் கொடுக்க முன்னால் நிற்பவர். எத்தனை பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்! எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சொந்தப் பெண்டாட்டியின் தோள் போனபோது அந்தக் கட்டத்தில் ஒன்றுமில்லை என்று எழுத வைத்துவிட்டார். இதை நினைத்து நினைத்து எனக்கு ஆத்திரம் வந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு எடுத்துவைக்கவில்லை. போட்டுச் சாப்பிடட்டும், அவருக்கு இரண்டு தோளும் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

கேஸ் இழுத்தது. போகிற நாளெல்லாம் வாய்தா. ஜட்ஜ் மாறினார், பஸ்ஸுக்கான இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் வரவில்லை, டாக்டர் வரவில்லை, கோர்ட் லீவு. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்தேன். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க வலது கை ஏறாது. இடது கையால் பிடித்துக்கொண்டு, யாராவது இடித்தால் கத்துவேன். தலை பின்னிவிட மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. நாலு வருஷம் ஓடிப்போனது. தொண்ணூறும் பிறந்துவிட்டது.

ஒரு வழியாக என்னை விசாரித்தார்கள். எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் வக்கீல் இளவயது ஆள், மடிப்புக் கலையாத கோட்டு.

“எல்லா வீட்டுலயும் ஆட்டுக்கல் இருக்கு. எல்லாப் பொம்பளைகளும் மாவு ஆட்டுறாங்க. இது ஒரு தொழிலா?” என்று கேட்டார்.

“எல்லா வீட்லயுந்தான் சண்டை நடக்கு. நீங்க சண்டை போட்டா மட்டும் பீஸு வாங்குதீகளே, எப்படி?” என்றேன்.

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் ஐயா மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி என்னைக் கண்டித்தார். வக்கீலுக்கு முகம் சுண்டிவிட்டது.

“தெனமும் ஆறு படி ஆட்டுனதாச் சொல்றீங்க. உள்ளங்கையக் காட்டுங்க பாப்போம். காய்ப்பு இருக்கணுமே?”

நீட்டினேன். எனக்கே பகீர் என்றது. கல்லுக் கல்லாகக் காய்த்திருந்த கை, சின்னப்பிள்ளை கை மாதிரி வழுவழுவென்று இருந்தது.

“பாருங்க சார், ஒரு தடயமும் இல்ல” என்று அவர் ஜட்ஜைப் பார்த்தார்.

“நாலு வருசம் வாய்தா போட்டா காய்ப்பு காத்துக்கிட்டா இருக்கும்? விழுந்த மறுநாளு வந்து பாத்திருக்கணும்!” என்று கத்திவிட்டேன். என் வக்கீல் கையைக் காட்டி அமர்த்தினார். என் உடம்பில் இருந்த ஒரே சாட்சியும் என் கையிலிருந்தே உதிர்ந்துபோயிருந்தது.

அடுத்த வாய்தாவுக்கு என் வீட்டுக்காரர் சாட்சி சொல்ல வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் சொன்னேன்: “வந்தாலும் வாங்க, வராட்டியும் இருங்க. ஆனா வந்து அங்கயும் பொய்யச் சொன்னீகன்னா, அதே கோர்ட்ல எந்திரிச்சு நின்னு ஒங்களப் பொய்யன்னு சொல்லுவேன். எது பெரிய வெக்கம்னு நீங்களே பாத்துக்கிடுங்க.” அவர் மறுநாள் காலையில் வெளுத்த சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றார்.

அங்கேதான் விதி விளையாடியது. மில் கூட்டாளிகள் நாலு பேர், ‘நம்ம ஆள் கேஸ்லே, தொணைக்கு வாரோம்’ என்று அதே பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எவர் காதுக்குப் போகக்கூடாது என்று இத்தனை வருஷம் மறைத்தாரோ அவர்களே கோர்ட்டில் கடைசிப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். போச்சு, இந்த மனுசன் இனி வாயைத் திறக்கமாட்டார் என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

கூண்டில் ஏறினார். எங்கள் வக்கீல் கேட்டார், “விபத்துக்கு முன்னாடி ஒங்க சம்சாரம் என்ன வேலை செஞ்சாங்க?”

“வீட்டு வேலைதான்…” என்று இழுத்தார். கடைசிப் பெஞ்சைப் பார்த்தார். “பொறவு… செத்த நேரம் மாவு கீவு ஆட்டுவா.”

செத்த நேரமா! எனக்கு எழுந்துபோய் உலுக்க வேண்டும்போல் இருந்தது. இன்சூரன்ஸ் வக்கீல் உற்சாகமாக எழுந்தார்.

“மில் மூடுன எட்டு மாசமும் ஒங்க குடும்பத்துக்கு அரிசி அனுப்புனது வத்திராயிருப்புல இருக்கிற ஒங்க அண்ணன்தானே? நாங்க மில்லுல விசாரிச்சிருக்கோம். நீங்களே நாலு பேர்ட்டச் சொல்லியிருக்கீங்க. ஆக, ஒங்க சம்சாரத்தோட வருமானம்னு ஒண்ணு கெடையவே கெடையாது. சரிதானே?”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் மானம் பிழைத்துவிடும், என் கேஸ் செத்துவிடும். அவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டேன்.

“எங்கண்ணன் ஒரு நெல்லுமணி குடுக்கல” என்றார். “அது நான் கட்டுன பொய்யி. அந்த எட்டு மாசமும் அவ ஆட்டுன மாவுலதான் நாங்க நாலு பேரும் சாப்பிட்டோம். பொறவும் அவ காசுதான் பாதி. தெனம் ஆறு படி, மில் வாசல் பாய் கடைக்கும் சேத்து. செத்த நேரம்னு இப்பச் சொன்னதும் பொய்யி. மத்தியானம் ஒக்காந்தா வெளக்கு வைக்கிறமட்டும் ஆட்டுவா.”

ஜட்ஜ் ஐயா பேனாவைக் கீழே வைத்தார். “பிறகு ஏன் போலீஸில் சும்மா இருப்பதாகச் சொன்னீர்?”

“வெக்கமா இருந்துச்சுய்யா.”

“இப்போது வெட்கமாக இல்லையா?”

“இருக்குய்யா. அது வேற வெக்கம், இது வேற வெக்கம்.”

யாரும் சிரிக்கவில்லை. டைப் அடிக்கிற அம்மா, அடித்து முடித்ததை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். ‘என் மனைவி சும்மா இருந்தார் என்று நான் சொன்னது பொய். அவர் மாவு ஆட்டிச் சம்பாதித்ததில்தான் என் குடும்பம் நடந்தது.’ சரிதான் என்று தலையாட்டிவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சந்தோஷம் பாதி, கோபம் பாதி. இந்த இரண்டு வரியைச் சொல்ல இந்த மனிதருக்கு நாலு வருஷமும் ஒரு கூண்டும் தேவைப்பட்டதே!

வெளியே வேப்பமரத்தடியில் கூட்டாளிகள் நின்றார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார். “ஏலே, அப்ப பாய் கடை இட்லி நம்ம மதினி ஆட்டுன மாவா?”

“ஆமாலே” என்றார் இவர்.

“பாய் வீட்டம்மாவையில்ல எம்புட்டு நாளா வாழ்த்திக்கிட்டு இருந்தோம்!” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் பதிலுக்குக் கும்பிட வலது கை பாதிவரைதான் வந்தது.

அடுத்த வருஷம் தீர்ப்பு வந்தது. கேட்டதில் பாதிக்கும் குறைவு. இன்சூரன்ஸ்காரர்கள் அதையும் இழுத்தடித்துத்தான் கட்டினார்கள். மகள் படிப்புக்கும் வீட்டுக் கூரைக்கும் போய்த் தீர்ந்தது. குறைவுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். என் தோளின் விலை அதுவல்ல.

வக்கீலிடம் சொல்லி, என் வீட்டுக்காரர் சொன்ன சாட்சியத்துக்கு நகல் மனு போட்டு, கோர்ட் முத்திரையோடு வாங்கினேன். “ஜெயிச்சாச்சேம்மா, இது எதுக்கு?” என்று வக்கீல் கேட்டார். “எனக்கு வேணும்” என்றேன். மழைத்தண்ணீர் படாமல் பரணில் ஒரு தகரப்பெட்டியில் கிடக்கிறது. என் கை இன்னும் தோளுக்கு மேல் ஏறாது. அதனால் பார்க்கத் தோன்றும்போதெல்லாம் என் வீட்டுக்காரரைத்தான் எடுத்துத் தரச் சொல்வேன். முனகிக்கொண்டே ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துத் தருவார். எனக்கு நன்றாகவே எழுதப் படிக்கத் தெரியும். இருந்தாலும் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

“நீங்களே வாசிங்க” என்பேன்.